மாறுவதால் மாட்டிக்கொள்ளும் குவாசர்கள்

பழவேற்காடு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்களுக்கு ராக்கெட் பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நேரம் தெரிந்தால் மொட்டை மாடிகளில் கூட்டம் கூடிவிடும். இரண்டு மூன்று நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, புகைக்கோடு கலைவதற்குள் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும். அதோடு சரி.

2015 செப்டம்பர் 28 காலை 10 மணிக்குக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-30 ராக்கெட்டும் அப்படித்தான் போனது. அதில் ஏறிப்போனது ஆஸ்ட்ரோசாட். வானியலுக்காகவே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். புற ஊதாக் கதிர், எக்ஸ் கதிர் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்த்து, அதன் வெளிச்சம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அளப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. ராக்கெட் கிளம்பியது எல்லோருக்கும் தெரியும். அது கொண்டுபோன கருவிகள் அதன் பிறகு என்ன பார்த்தன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கட்டுரையின் வாதமே இதுதான். வானியலில் பரபரப்பான அந்த ஒரு நிமிடத்துக்குக் கிடைக்கும் மரியாதை, ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பிரபஞ்சத்தின் மிகத் தொலைவான விளக்குகளான குவாசர்களைக் கண்டுபிடிக்க உதவும் நல்ல வழிகளில் ஒன்று, அந்தச் சலிப்பூட்டும் வேலையில்தான் இருக்கிறது. அது மட்டுமல்ல, திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு சாதாரணக் கல்லூரியில் படிக்கும் மாணவனோ மாணவியோ கை வைக்கக்கூடிய வேலையும் அதுவே.

நட்சத்திர வேஷம்

குவாசர் என்றால் என்ன? சில கேலக்ஸிகளின் நடுவில் பல கோடி சூரியன்களின் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. சுற்றியுள்ள வாயு அதற்குள் விழப்போகும்போது ஒரு தட்டு போலச் சுழன்று, உராய்ந்து, கடுமையாகச் சூடேறி ஒளிர்கிறது. கருந்துளை கருப்புதான், அதைச் சுற்றியுள்ள தட்டுதான் வெளிச்சம். அந்த வெளிச்சம் மொத்தக் கேலக்ஸியையே மங்கடித்துவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் கேலக்ஸி தெரியாது, நடுவில் உள்ள புள்ளி மட்டும் தெரியும். அதாவது ஒரு நட்சத்திரம் மாதிரியே இருக்கும்.

இந்த வேஷம் வானியலாளர்களை நன்றாகவே ஏமாற்றியது. 1960களின் தொடக்கத்தில் 3சி 48 என்ற ரேடியோ மூலம் இருந்த இடத்தில் ஒரு நீலப்புள்ளி தெரிந்தது. தாமஸ் மேத்யூஸும் ஆலன் சாண்டேஜும் அதை அளந்தபோது அதன் வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது. கேலக்ஸி என்பது பல்லாயிரம் கோடி நட்சத்திரங்களின் கூட்டம், அது மொத்தமாகச் சேர்ந்து சில மாதங்களில் மங்கிப் பிரகாசிக்க முடியுமா? முடியாது. ஆகவே இது நம்ம ஊர் நட்சத்திரம்தான் என்று நினைப்பது நியாயமாகத்தான் பட்டது.

1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி மூலம் சிரில் ஹசார்டும் அவர் குழுவினரும் 3சி 273 என்ற மூலத்தை நிலா மறைக்கும் தருணத்தில் பார்த்து, அதன் இடத்தைத் துல்லியமாகக் கணித்தார்கள். அந்த இடத்தில் இருந்த புள்ளியின் நிறமாலையை மார்ட்டன் ஷ்மிட் பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்தார். 1963 பிப்ரவரியில் அவருக்குப் புதிர் அவிழ்ந்தது. அது ஹைட்ரஜனின் கோடுகள்தான், ஆனால் எல்லாமே சிவப்புப் பக்கமாகச் சுமார் 16 சதவிகிதம் தள்ளிப்போயிருந்தன. இந்தச் செம்பெயர்ச்சிக்குப் பிரபஞ்ச விரிவுதான் காரணம் என்றால், அந்தப் புள்ளி 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்க வேண்டும்! குவாசர் என்ற பெயர் அடுத்த ஆண்டு, 1964இல், ஹாங்-யீ சியூ வைத்தது.

(நிலா மறைப்பு என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஊட்டி ஞாபகம் வர வேண்டும். முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் படுத்துக்கிடக்கிறதே, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் தயாரான அந்த ரேடியோ தொலைநோக்கி, அது முதலில் கட்டப்பட்டதே இதே நிலா மறைப்பு முறையில் ரேடியோ மூலங்களை அளப்பதற்காகத்தான்.)

மாற்றம் சொல்லும் அளவு

அப்படியானால் கேலக்ஸி போல ஒளிரும் ஒன்று எப்படிச் சில மாதங்களில் மங்கிப் பிரகாசிக்கிறது? இங்கேதான் எளிமையான ஒரு கணக்கு வருகிறது.

திருவள்ளூர் வீரராகவர் கோயில் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மக்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொடி அசைந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் ஒருமுறை கை தட்டுகிறார்கள். வரிசையின் ஒரு முனையில் நிற்பவருக்கு அது ஒரே தட்டலாகக் கேட்குமா? கேட்காது. பக்கத்தில் உள்ளவரின் சத்தம் உடனே வரும். மறுமுனையில் உள்ளவரின் சத்தம் வந்து சேரச் சுமார் மூன்று விநாடி ஆகும். ஆக, அவருக்குக் கேட்பது மூன்று விநாடி நீளமான ஒரு சலசலப்பு. மாறாக, 'டப்' என்று கால் விநாடியில் சத்தம் முடிந்துவிட்டால், தட்டியவர்கள் நூறு மீட்டருக்குள்தான் நின்றிருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கும் அதே கணக்குதான். ஒரு பொருளின் வெளிச்சம் ஒரு மாதத்தில் கணிசமாக மாறினால், அந்த வெளிச்சம் வரும் இடத்தின் அகலம் ஒளி ஒரு மாதத்தில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. பால்வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒளிக்குச் சுமார் ஒரு லட்சம் ஆண்டு வேண்டும். அப்படிப்பட்ட கேலக்ஸியைத் தோற்கடிக்கும் வெளிச்சம், ஒளி ஒரு மாதத்தில் தாண்டும் சின்ன இடத்திலிருந்து வருகிறது! கருந்துளையைத் தவிர இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு சக்தியைக் கொடுக்கக்கூடியது எதுவும் தெரியாததால்தான் எல்லோரும் கடைசியில் கருந்துளைக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் ஏமாற்றிய அதே மாற்றம் பிறகு உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

நிறத்தை நம்பினால் என்ன ஆகும்?

வானத்தில் கோடிக்கணக்கான புள்ளிகள். அதில் குவாசர் எது என்று எப்படித் தேடுவது? ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலை எடுத்துக்கொண்டிருக்க முடியாது. நேரமும் காசும் கட்டுப்படியாகாது. எனவே முதலில் சந்தேகப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும்.

பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருந்த வழி நிறம். பெரும்பாலான நட்சத்திரங்களைவிடக் குவாசர்கள் புற ஊதாவில் அதிகம் ஒளிரும், அதாவது நீலம் தூக்கலாக இருக்கும். ஆகவே நீலப் புள்ளிகளாகப் பொறுக்கி எடுத்தால் குவாசர்கள் நிறையச் சிக்கும். இது நல்ல வழிதான், ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்தும் கொடுத்தது. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. குவாசர் தொலைவில் போகப்போக அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது, நிறமும் மாறுகிறது. செம்பெயர்ச்சி 2.7 வாக்கில் வரும்போது குவாசரின் நிறமும் சாதாரண நட்சத்திரத்தின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. சுமார் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. குவாசர்கள் பிரபஞ்சத்தில் செழிப்பாக இருந்த காலத்தை ஒட்டிய அந்தச் சமயத்தில்தான் நிறச் சல்லடை கைவிட்டுவிடுகிறது. தூசிக்குப் பின்னால் மறைந்து சிவந்து தெரியும் குவாசர்களும் அந்தச் சல்லடையில் நிற்காமல் போய்விடும்.

குறை வெறும் தொழில்நுட்பக் குறை அல்ல. 'குவாசர் நீலமாக இருக்கும்' என்று முடிவு செய்துகொண்டு தேடினால் நீலக் குவாசர்கள் மட்டும்தான் கிடைக்கும். கிடைத்ததை எல்லாம் பார்த்துவிட்டு 'பார்த்தாயா, குவாசர் எல்லாமே நீலம்தான்' என்று சொல்லிக்கொள்ளலாம்! ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்களை மட்டும் இண்டர்வியூவில் தேர்வு செய்துவிட்டு, திறமைசாலிகள் எல்லோருமே ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார்கள் என்று சொல்லும் கம்பெனிக் கதைதான் இது. தேடும் முறை எதை விட்டுவிடுகிறது என்று கேட்காத ஆராய்ச்சி, தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறது.

கயிற்றில் கட்டிய மாடு

இரண்டாவது வழி, மாற்றத்தை வைத்துப் பிடிப்பது. ஒரே வானப்பகுதியைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் அதே படத்தில் உள்ள பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். (வெறும் கண்ணுக்குத் தெரியும் மினுமினுப்பு வேறு, அது பூமியின் காற்று செய்யும் வேலை. மெல்லிய மேகமோ பனியோ வந்தால் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தே மங்கும். அதனால்தான் ஒப்பிட்டு அளப்பது.)

இப்படி அளந்தால் பெரும்பாலான நட்சத்திரங்கள் அசையாமல் இருக்கும். சில நட்சத்திரங்கள் மாறும், ஆனால் அவற்றில் பலவும் புறநகர் ரயில் டைம்டேபிள் போல ஒரே ஒழுங்கில் மாறும். ஆர்ஆர் லைரே வகை நட்சத்திரங்கள் ஒரு நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். ஒன்றை ஒன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களும் சொன்ன நேரத்துக்கு மங்கும்.

குவாசர் அப்படி இல்லை. அது கோயம்பேடு தக்காளி விலை மாதிரி. நேற்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மூன்று மாதத்துக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். அதாவது இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடக்கூட, வெளிச்ச வித்தியாசமும் சராசரியாகக் கூடிக்கொண்டே போகும். ஒழுங்கான சுற்று எதுவும் கிடையாது. இந்த ஒரு குணத்தை வைத்தே குவாசரைத் தனியாகப் பிரித்துவிடலாம்.

அதற்காக எல்லையில்லாமல் அலைவதும் இல்லை. முளைக்குச்சியில் நீளமான கயிற்றால் கட்டிய மாட்டைப் பாருங்கள். புல் இருக்கும் பக்கமெல்லாம் அது மனம்போன போக்கில் போகும். அடுத்த அடி எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் ரொம்பத் தூரம் போனால் கயிறு இழுத்துவிடும். 2009இல் பிராண்டன் கெல்லியும் உடன் ஆய்வாளர்களும் குவாசர்களின் வெளிச்ச மாற்றத்தை ஏறக்குறைய இந்த மாட்டின் நடை போன்ற ஒரு கணித மாதிரியால் விளக்கினார்கள். கயிறு எவ்வளவு நீளம், மாடு எவ்வளவு வேகமாக அலைகிறது என்ற இரண்டு எண்கள் போதும், குவாசரை நட்சத்திரத்திலிருந்து பிரிக்க.

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீட்டர் ஸ்லோன் தொலைநோக்கி, வானத்தின் நடுக்கோட்டை ஒட்டிய சுமார் 300 சதுர டிகிரி பட்டையைப் பத்தாண்டுகளில் பல பத்து தடவை படமெடுத்தது. 'ஸ்ட்ரைப் 82' என்று பெயர். அதை அலசிய பிரானிமிர் செசார் குழு 2007இல் சொன்னது: குவாசர்களில் குறைந்தது 90 சதவிகிதம் 0.03 மேக்னிட்யூட் அளவுக்காவது மாறுகின்றன. அதாவது சுமார் 3 சதவிகித வெளிச்சம். ஆகவே போதுமான தடவை பார்த்தால் பத்தில் ஒன்பது குவாசர் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு உதாரணம் இன்னும் சுவாரசியம். தெற்கு வானில் உள்ள மெகல்லன் மேகங்கள் இரண்டும் பக்கத்துக் குட்டிக் கேலக்ஸிகள். அவற்றின் பின்னால் உள்ள குவாசர்களைத் தேடுவது கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது மாதிரி. முன்னால் அத்தனை நட்சத்திரங்கள்! போலந்து வானியலாளர்களின் ஓகிள் திட்டம் அந்த மேகங்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்துவந்தது, ஈர்ப்பு வில்லை என்ற வேறு விஷயத்துக்காக. அந்தப் பதிவுகளிலிருந்து வெளிச்ச மாற்றத்தையும், கூடவே அகச்சிவப்பு, எக்ஸ் கதிர்த் தகவல்களையும் வைத்துச் சந்தேகப் பட்டியல் போட்டு நிறமாலை எடுத்தார்கள். 2013இல் சைமன் கோஸ்லவ்ஸ்கி குழு அறிவித்த கணக்கு: உறுதியான குவாசர்கள் 758. அதில் 94 சதவிகிதம் புதியவை.

பழைய பெட்டிக்குள் புதிய செய்தி

வேறு விஷயத்துக்காக எடுத்த பதிவு குவாசருக்கு உதவுவது முதல் முறை அல்ல. ஷ்மிட் 3சி 273இன் தொலைவை அறிவித்த அதே 1963இல், ஹார்லன் ஸ்மித்தும் டாரிட் ஹாஃப்லைட்டும் ஹார்வர்டின் அலமாரியைத் திறந்தார்கள். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து எடுத்த கண்ணாடித் தகடுப் புகைப்படங்கள் அடுக்கிக் கிடந்தன. அவற்றை எடுத்தவர்களுக்குக் குவாசர் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் 3சி 273 அந்தத் தகடுகளில் இருந்தது, பல பத்தாண்டுகளாக மங்கியும் பிரகாசித்தும் வந்த அதன் கதை முழுக்க அதில் இருந்தது. யாருக்கு எப்போது பயன்படும் என்று தெரியாமலேயே ஒழுங்காகப் பதிவு செய்து, தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் வந்த லாபம்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை. வெளிச்சத்தை அளக்க இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் மேக்னிட்யூட் கணக்கு, ஐந்து படி என்றால் நூறு மடங்கு என்று வகுத்தவர் நார்மன் போக்சன். 1856இல் இங்கிலாந்தில் இதை முன்வைத்த அவர், 1861 முதல் 1891இல் இறக்கும்வரை வேலை பார்த்தது சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில். அதே வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் தென் அடிவானத்திலிருந்து சுமார் 14 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. அவ்வளவு தாழ்வாகத் தெரியும் ஒரு புள்ளி முன்பு இருந்த மாதிரி இல்லை என்று சொல்ல, ஒருவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். ஓகிள் குவாசர்கள் பிடிபட்ட பெரிய மெகல்லன் மேகம் அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது கூடுதல் செய்தி.

பிற்காலத்திலும் இந்த மரபு அறுந்துவிடவில்லை. வைனு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே வந்தன. 1990களில் கோபால் கிருஷ்ணா, ராம் சாகர், பால் வீட்டா ஆகியோர் ஒரே இரவுக்குள் குவாசர்களின் வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்று தேடத் தொடங்கினார்கள். நைனிடாலின் 104 சென்டிமீட்டர் தொலைநோக்கி இதற்குப் பெரிய அளவில் பயன்பட்டது. சி. எஸ். ஸ்டாலின் சேர்ந்த இந்தக் குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. உலகின் பெரிய தொலைநோக்கிகளோடு ஒப்பிட்டால் 104 சென்டிமீட்டர் சின்னதுதான். ஆனால் பெரிய தொலைநோக்கியில் ஒரே குவாசருக்காக ராத்திரி முழுக்க நேரம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? சின்ன டெலஸ்கோப்பின் பலமே அது சொந்தமாக இருப்பதுதான்.

எதிர்க்கேள்விகள்

இந்த முறைக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதலாவது, நேரம். குவாசர் எவ்வளவு தொலைவோ அவ்வளவு மெதுவாக மாறுவது போலத் தெரியும். விரியும் பிரபஞ்சத்தில் ஒளியோடு சேர்ந்து காலமும் நீண்டு வருகிறது. செம்பெயர்ச்சி 6 உள்ள குவாசரில் ஒரு ஆண்டில் நடக்கும் மாற்றத்தைப் பார்க்க பூமியில் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். இந்தக் கால நீட்சியையே ஜெரயின்ட் லூயிஸும் பிரெண்டன் புரூவரும் 2023இல் 190 குவாசர்களின் பதிவுகளை வைத்துக் காட்டினார்கள். அதற்கு இருபது ஆண்டு அளவீடுகள் தேவைப்பட்டன! இரண்டாவது, மிகத் தொலைவான குவாசர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மறைந்தே போய்விடும், அகச்சிவப்பில்தான் தேட வேண்டும். மூன்றாவது, மாற்றம் என்பது சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு இல்லை. வெடிக்கும் நட்சத்திரமும் மாறும், கருவியின் கோளாறும் மாற்றம் போலத் தெரியும். கடைசியில் நிறமாலை எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

இதெல்லாம் சரியான ஆட்சேபங்கள்தான். ஆனால் இவை நிறத்தை விட்டுவிட்டு மாற்றத்தை மட்டும் நம்பாதே என்கின்றனவே தவிர, மாற்றத்தைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. இரண்டு சல்லடையும் வேறு வேறு இடத்தில் ஓட்டை உள்ளவை. சேர்த்துச் சலித்தால் தப்பிப்பது குறையும்.

இன்னொரு கேள்வி பலருக்கு வரும். சிலியில் வேரா ரூபின் ஆய்வகம் வந்துவிட்டதே! 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா, 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டுவிட்டது. பத்து ஆண்டுகளில் தெற்கு வானத்தின் ஒவ்வொரு இடத்தையும் நூற்றுக்கணக்கான தடவை படமெடுக்கப்போகிறது. இனி காவலூருக்கும் நைனிடாலுக்கும் என்ன வேலை?

உண்மையில் வேலை கூடுகிறது. ரூபின் ஒரே இடத்துக்குத் திரும்பி வரச் சில நாட்கள் ஆகும். நடுவில் நடப்பதைப் பார்க்க வேறு கண்கள் வேண்டும். பூமி சுற்றுவதால் சிலியில் பகலாக இருக்கும்போது இந்தியாவில் இரவு. அது 'இங்கே ஏதோ மாறியிருக்கிறது' என்று ஒரு இரவில் லட்சக்கணக்கான அறிவிப்புகளை உலகுக்கே பொதுவாக அனுப்பும் திட்டம் கொண்டது. அத்தனையையும் பின்தொடர எந்த ஒரு நாட்டிடமும் ஆளும் கருவியும் கிடையாது.

திருவள்ளூருக்கு இதில் என்ன வேலை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எஃகு ஆலைகளில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த முறையை விளக்கவே தேவையில்லை. ஒரு மோட்டாரின் அதிர்வை ஒரே ஒரு தடவை அளந்தால் அது நல்ல மோட்டாரா கெட்ட மோட்டாரா என்று சொல்வது கடினம். வாரா வாரம் அளந்து லாக் புக்கில் எழுதி வைத்தால், பேரிங் போகப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். பார்த்த உடனே தெரியாதது, பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும். குவாசர் வேட்டையும் அதே லாக் புக் புத்திதான்.

இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஃபைனல் இயர் வந்தால் என்ன நடக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து, போன வருடம் சீனியர் காட்டிய அதே முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மெஷினை இந்த வருடம் ஜூனியர் காட்டுவார். வைவா முடிந்ததும் எல்லாம் பரணுக்குப் போகும். இதற்குப் பதிலாக ஸ்ட்ரைப் 82இன் வெளிச்சப் பதிவுகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், இலவசம். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டிரண்டு அளவுகளாக ஜோடி சேர்த்து, இடைவெளிக்கு எதிராக வித்தியாசத்தை வரைய ஒரு சாதாரண லேப்டாப் போதும். ஏற்கெனவே உறுதியான குவாசர்களை மறைத்து வைத்துக்கொண்டு, எழுதிய புரோகிராம் அவற்றில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறது, எத்தனை நட்சத்திரத்தைத் தவறாகக் குவாசர் என்கிறது என்று பார்க்கலாம். படித்த புள்ளியியல், சிக்னல் ப்ராசசிங், மெஷின் லேர்னிங் எல்லாமே இதில் உபயோகப்படும். விடை யாரிடமும் விலைக்குக் கிடைக்காது என்பதுதான் இதில் பெரிய நன்மை!

வானத்தையே நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் வழி உண்டு. 3சி 273 கன்னி ராசி மண்டலத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் திருவள்ளூரின் உச்சி வானத்துக்குப் பக்கத்திலேயே கடந்து போகும். பிரகாசம் ஏறக்குறைய 12.9 மேக்னிட்யூட், அதாவது வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட ஐந்நூறு மடங்குக்கும் மேல் மங்கல். ஆனாலும் ஒரு 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருந்தால் பிடித்துவிடலாம். ஒரு கல்லூரி ஒரு தொலைநோக்கி வாங்கி, ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்சுக்கு லாக் புக்கை ஒப்படைத்து, பத்து வருடம் அந்த ஒரே புள்ளியை அளந்தால், அந்தக் கல்லூரியின் பெயரில் ஒரு உண்மையான அறிவியல் பதிவு இருக்கும். ஆண்டு விழாவுக்குச் செலவாகும் தொகையில் ஒரு பங்கு போதும்.

தடையாக இருப்பது பணத்தைவிட வெளிச்சம். கும்மிடிப்பூண்டி, எண்ணூர் பக்கம் ராத்திரி வானம் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் புகைந்துகிடக்கிறது. ஆலைகளுக்கு விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கு தரையைப் பார்க்கட்டும், வானத்தைப் பார்க்க வேண்டாம். மேலே மூடி போட்ட விளக்கு என்றால் அதே வெளிச்சத்துக்கு மின்சாரச் செலவும் குறையும். லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தைச் சுற்றி 2022இல் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதே அக்கறை ஜவ்வாது மலைக்கும் வேண்டும். சென்னைக்குப் பக்கத்து மாவட்டங்கள் வானத்தை ஏற்கெனவே பாதி இழந்துவிட்டன. காவலூரின் வானமும் போய்விட்டால், தமிழ்நாட்டில் ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் பார்க்கும் இந்த வேலைக்கு வேறு இடம் தேடுவது கஷ்டம். எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு ஊருக்கு ஊர் வெள்ளை வெளிச்சம் போட்டியாகக் கூடிக்கொண்டிருக்கும் காலத்தில் இது தள்ளிப்போடக்கூடிய விஷயம் அல்ல.

குவாசர்களிடமிருந்து வரும் ஒளி கிளம்பி நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் பத்து ஆண்டு பொறுமையாகப் பார்த்து எழுதி வைக்க ஒரு கல்லூரியால் முடியாதா என்ன? அடுத்த ஏப்ரலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ப்ராஜெக்ட் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள் ஸ்ட்ரைப் 82 என்று தேடிப் பார்க்கலாம்.